பாலை மலையிடுக்கில் ஓர் இரவு: டென்ட் அடிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காஞ்சிபுரம் மாவட்டம் மாகறலில் செய்யாற்றுக் கரையில் வளர்ந்தவருக்கு ஒன்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதி ஆறு வெறும் மணல். ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், ஊற்றுத் தோண்டினால் தண்ணீர் சுரக்கும். ஆனால் மழைக்காலத்தில் மேற்கே ஜவ்வாது மலையில் கொட்டினால், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் ஆற்றில் வெள்ளம் வந்துவிடும். அதனால் அந்த மாதங்களில் ஆற்று மணலில் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை.

இந்த அறிவை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நம் மாவட்டத்தில் ஒரகடத்தில் தயாரான மோட்டார் சைக்கிளிலேயே லடாக் வரை போய்வரும் இளைஞர்கள் இன்று நிறையப் பேர். அவர்களில் பலருக்கு ஓர் ஆசை இருக்கிறது: ஓட்டல் வேண்டாம், ஊர் வேண்டாம், பாலைவன மலைக்கு நடுவே நாமே டென்ட் அடித்து ஓர் இரவு தங்க வேண்டும். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ அந்த ஆசை இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

இது என்ன வகைத் தங்கல்?

சுற்றுலாத் தலங்களில் வாடகைக்குக் கிடைக்கும் டென்டுகளில் கட்டில், மின்விளக்கு, கழிப்பறை, சமையல்காரர் எல்லாம் இருக்கும். இங்கே நாம் பேசுவது அதுவல்ல. குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, குப்பைத்தொட்டி இல்லை, காவலும் இல்லை. வேண்டியதைச் சுமந்து போய், எல்லாவற்றையும் சுமந்து திரும்ப வேண்டும்.

அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களில் இது சட்டப்படியே நடக்கிறது. அரசின் பொது நிலங்கள் பலவற்றில், ஒரே இடத்தில் பொதுவாக 14 நாட்கள் வரை யார் வேண்டுமானாலும் டென்ட் போட்டுத் தங்கலாம். இந்தியாவில் அப்படிப் பொதுவான உரிமை எதுவும் இல்லை. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் வம்பில் மாட்டுகிறார்கள்.

அப்படியென்றால் தமிழ்நாட்டில் செய்யவே முடியாதா?

காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். அங்கே டென்ட் அடித்துத் தங்குவதும் அப்படித்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு காட்டுப் பாதைகளில் நடக்கலாம். நடக்கத்தான் அது, நினைத்த இடத்தில் டென்ட் அடிக்க அல்ல.

பாலை மலையிடுக்கு (இருபுறமும் செங்குத்தான பாறை, நடுவே ஆறு அறுத்துப் போன குறுகிய பள்ளம்) நம் நாட்டில் எங்கே இருக்கிறது?

லடாக்கில். லே நகரத்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர்தான். காஞ்சிபுரம் பக்கம் வடகிழக்குப் பருவமழையின்போது இந்த அளவு ஒரே நாளில் பெய்துவிடுவது உண்டு. மரமற்ற மலைகளுக்கு நடுவே சிந்துவும் சான்ஸ்கார் ஆறும் பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகின்றன.

முதல்முறை போகிறவர்களுக்கு ஏற்றது மார்க்கா பள்ளத்தாக்கு. லேயிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், சான்ஸ்கார் ஆற்றங்கரையில் சில்லிங் என்ற ஊர் இருக்கிறது. அங்கே தொடங்கி ஸ்கியு, மார்க்கா, ஹாங்கர் என்று ஊர் ஊராக நடந்து, நிமாலிங் என்ற மேய்ச்சல் வெளியில் தங்கி, கோங்மாரு லா என்ற கணவாயைக் கடந்து இறங்கலாம். 'லா' என்றால் லடாக் மக்களின் மொழியில் கணவாய். ஐந்து முதல் ஏழு நாள் நடை. ஜூன் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் வரை ஏற்ற காலம்.

இந்தப் பள்ளத்தாக்கு 1981இல் அமைக்கப்பட்ட ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. லடாக் நிர்வாகம் வசூலிக்கும் சுற்றுச்சூழல் கட்டணமும் தனியாக உண்டு. விதிகள் அவ்வப்போது மாறுவதால், லே போய்ச் சேர்ந்ததும் சுற்றுலா அலுவலகத்தில் கேட்டு ரசீதுகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊர்களை ஒட்டி டென்ட் போட ஒதுக்கிய இடங்கள் இருக்கும். ஊராரைக் கேட்டு, கட்டணம் கொடுத்து அங்கே தங்குவதுதான் முறை.

உடம்பு தாங்குமா?

முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். மாகறல் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. லே சுமார் 3,500 மீட்டர். அங்கே நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆக்சிஜன்தான் கிடைக்கும். காலையில் சென்னையில் விமானம் ஏறினால் அன்றே லேயில் இறங்கிவிடலாம். ஆனால் உடம்பு அவ்வளவு வேகமாகப் பழகாது.

ஆகவே முதல் 48 மணி நேரம் ஓய்வு. மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும், இரவு படுக்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. ஹாங்கர் சுமார் 4,000 மீட்டர், நிமாலிங் சுமார் 4,800. ஒரே நாளில் ஏறினால் வரம்பு மீறுகிறது. இடையே தச்சுங்ட்சே என்ற இடத்தில் ஓர் இரவு தங்கிப் போங்கள்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஸ்ரீநகர், கார்கில் வழியாகப் போனால் உயரம் மெல்ல மெல்லக் கூடும். மணாலி வழியில் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் சார்ச்சுவில் இரவு தங்கித் தலைவலியோடு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை இருந்தால் அது மலைநோய் (உயரத்துக்கு உடல் பழகாததால் வருவது). அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறங்க வேண்டும். இறங்குவதுதான் மருந்து. இரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மலைநோய்க்கு முன்கூட்டியே எடுக்கும் மாத்திரையையும் அவர் சொன்னால் மட்டுமே எடுங்கள்.

டென்டை எங்கே அடிப்பது?

இங்கேதான் செய்யாற்றுக்காரரின் அறிவு கைகொடுக்கிறது. நாள் முழுக்க நடந்து களைத்தவரின் கண்ணுக்கு, ஓடைக்கரையின் சமமான மணல்திட்டு மெத்தைபோலத் தெரியும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, கல்லும் குத்தாது. அங்கே படுக்காதீர்கள். அந்த மணலைக் கொண்டுவந்து பரப்பியதே வெள்ளம்தான்.

மழையே பெய்யாத ஊரில் வெள்ளம் எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். மழை குறைவு என்பதால்தான் ஆபத்து கூடுதல். அந்த மலைச்சரிவுகளில் மழைநீரைப் பிடித்து நிறுத்த மரமும் இல்லை, புல்லும் அரிது. மேலே எங்கோ ஒரு மணி நேரம் கொட்டினாலும் முழுத் தண்ணீரும் மண்ணையும் பாறையையும் வாரிக்கொண்டு குறுகிய இடுக்குக்குள் பாய்கிறது. 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி லே பகுதியில் மேகவெடிப்பு (சிறிய இடத்தில் சட்டென்று கொட்டும் பெருமழை) ஏற்பட்டது. லே நகரமும் அருகிலுள்ள சோக்லம்சரும் சேற்று வெள்ளத்தில் சிக்கின. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் தூக்கத்தில் இருந்த நேரம் அது.

பாதுகாப்பான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நான்கு அடையாளங்களைப் பாருங்கள்.

ஒன்று, பாறை இடுக்குகளில் காய்ந்த சுள்ளியும் குப்பையும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. உங்கள் டென்ட் அதைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும்.

இரண்டு, பக்கவாட்டு மலையிலிருந்து இறங்கும் வறண்ட ஓடை வாயில் டென்ட் போடாதீர்கள். காய்ந்து கிடக்கிறதே என்று நம்ப வேண்டாம். வெள்ளம் வரும்போது அதுதான் வாய்க்கால்.

மூன்று, செங்குத்துப் பாறையின் அடிவாரத்தை ஒட்டிப் படுக்காதீர்கள். புதிதாக உடைந்த, கூர்மை மழுங்காத கற்கள் தரையில் கிடந்தால், அங்கே மேலிருந்து கல் விழுந்துகொண்டிருக்கிறது. காற்று அடிக்கும்போதும், பகல் வெயில் பனியை உருக்கும்போதும், மேலே ஆடு நடக்கும்போதும் கல் உருளும்.

நான்கு, வயலிலும் வரப்பிலும் புல்வெளியிலும் டென்ட் அடிக்காதீர்கள். அந்தப் புல் ஊரார் மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம்.

ஆற்று மட்டத்துக்கு மேலே, பழைய காலத்தில் ஆறு விட்டுப்போன உயரமான மேட்டுத் திட்டுகள் மார்க்கா பள்ளத்தாக்கில் பல இடங்களில் இருக்கின்றன. அங்கே தங்குங்கள். தண்ணீர் எடுக்கப் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும். அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் பாதுகாப்பு.

இரவில் ஓடையின் சத்தம் திடீரென மாறினாலோ, தண்ணீர் சேறாகக் கலங்கினாலோ, பையைத் தேடிக்கொண்டிருக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

ஓடையைக் கடப்பது எப்படி?

காலையில் கடக்க வேண்டும். மேலே உள்ள பனி பகல் வெயிலில் உருகி, பிற்பகலில்தான் கீழே வந்து சேரும். காலையில் முழங்காலளவு ஓடுவது மாலையில் இடுப்பளவு ஆகலாம். எனவே விடிந்ததும் நடையைத் தொடங்கி, பிற்பகல் இரண்டு மணிக்குள் தங்குமிடம் சேர்வதுபோலத் திட்டமிடுங்கள்.

வெறுங்காலோடு இறங்காதீர்கள், பழைய செருப்பு ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். முதுகுப் பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். ஒரு கோலை ஊன்றி, நீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். நீச்சல் தெரியும் என்ற தைரியம் இங்கே உதவாது. அந்தக் குளிரில் சில நிமிடங்களிலேயே கைகால் மரத்துவிடும்.

எதைக் குடிப்பது, எதைச் சமைப்பது?

ஓடைநீர் கண்ணாடிபோல் இருந்தாலும் மேலே ஆடும் குதிரையும் மேய்கின்றன. கொதிக்க வைத்தே குடியுங்கள். உயரம் போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இங்கே 100 டிகிரி என்றால், நிமாலிங்கில் சுமார் 84 டிகிரி. ஆகவே தளதளவென்று கொதி வந்தபின் குறைந்தது மூன்று நிமிடம் விடுங்கள்.

இதே காரணத்தால் திறந்த பாத்திரத்தில் சோறு அரைவேக்காடாகவே நிற்கும். துவரம்பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் தூக்க முடியாதவர்கள் அவல், ரவை, வறுத்த சேமியா, சத்துமாவு, பொரிகடலை, வேர்க்கடலை, வெல்லம் கொண்டு போங்கள். அவலில் வெந்நீர் ஊற்றி, வீட்டில் செய்த புளிக்காய்ச்சலைக் கலந்தால் ஐந்து நிமிடத்தில் சாப்பாடு தயார். அந்த உயரத்தில் பசி மந்தமாகும். பழகிய ருசி இருந்தால்தான் உள்ளே இறங்கும்.

அடுப்புக்கான கேஸ் குப்பியை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது. லேயில் வாங்கிக்கொள்ளுங்கள். விறகு பொறுக்கித் தீ மூட்டாதீர்கள். கைப்பிடி உயரச் செடி வளர அங்கே பல ஆண்டுகள் ஆகும்.

ஒரு கடும் எச்சரிக்கை: எவ்வளவு குளிர் என்றாலும் மூடிய டென்டுக்குள் அடுப்பு எரிக்கக் கூடாது. நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு (அரைகுறையாக எரியும்போது வரும் நச்சுவாயு) தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

குளிர் எவ்வளவு இருக்கும்?

பகலில் தோல் கருகும் வெயில் அடிக்கும். இரவில், ஆகஸ்டிலும்கூட, நிமாலிங்கில் பாட்டில் தண்ணீர் உறையலாம். இருபுறமும் மலை உயர்ந்து நிற்பதால் இடுக்குக்குள் வெயில் தாமதமாக வந்து சீக்கிரமே போய்விடும்.

பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி வரை தாங்கும் தூக்கப்பை வேண்டும். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் தடித்த நுரைப்பாய், ஏனென்றால் உடம்புச் சூட்டைத் தரைதான் அதிகம் உறிஞ்சும். நமக்குப் பழகிய பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் அங்கே காயாது. ஈரத்தோடு படுத்தால் நடுக்கம் நிற்காது. இரவுக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த கம்பளி உடையைத் தனியே பொதிந்து வையுங்கள்.

காலைக்கடன்?

கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது. ஆனால் அந்த ஊர்களுக்கு உங்களால் நன்மையா தீமையா என்பதை முடிவுசெய்வதும் இதுதான்.

நம் ஊர் ஈரமண்ணில் கழிவு சீக்கிரம் மக்கிவிடும். குளிரும் வறட்சியும் சேர்ந்த மண்ணில் அப்படி மக்காது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, பனி உருகும்போது ஓடையில் சேரும். கீழே உள்ள ஊர் அதைக் குடிக்கும்.

ஊர் இருக்கும் இடத்தில் லடாக்கின் உலர்கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். மேல்தளத்தில் ஒரு துளை, பக்கத்தில் மண்குவியலும் ஒரு மண்வாரியும் இருக்கும். முடித்ததும் இரண்டு வாரி மண் தள்ளிவிட்டால் போதும். கீழே சேர்வது உரமாகி வயலுக்குப் போகிறது. அதில் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றக்கூடாது. ஊற்றினால் உரமாகாமல் நாறும்.

ஊர் இல்லாத இடத்தில், தண்ணீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, பிறகு மூடுங்கள். கழுவ ஒரு குவளைத் தண்ணீரை அங்கேயே எடுத்துப் போங்கள். ஓடையில் இறங்கிக் கழுவாதீர்கள். ஈரக்காகிதம், நாப்கின், டயப்பர் எதையும் புதைக்காமல் பையில் கட்டி லேவுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

ஓடையில் குளிக்கலாமா, துணி துவைக்கலாமா?

சோப்பு போட்டுக் கூடாது. அந்த ஒற்றை ஓடைதான் கீழே உள்ள ஊருக்குக் குடிநீர், வயலுக்குப் பாசனம், மாட்டுக்குத் தண்ணீர். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவது என்று முறைவைக்க, லடாக் ஊர்களில் 'சுர்போன்' என்று ஒருவரை நியமிப்பார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஏரி வாரியம் அமைத்து, அதைக் கல்வெட்டில் வெட்டி வைத்த உத்திரமேரூர்ப் பக்கத்தவர்களுக்கு இது புரியாததல்ல. நம் ஏரியில் வெளியூர்க்காரர் வந்து அழுக்கைக் கலந்தால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும்.

போன் வேலை செய்யுமா?

நம் ஊர் ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் மலையிடுக்குக்குள் பெரும்பாலும் கிடைக்காது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் செயற்கைக்கோள் போன் கொடுத்தனுப்பினால் வாங்காதீர்கள். அரசு அனுமதியின்றி அதை வைத்திருப்பதே இந்தியாவில் குற்றம். ஆகவே எந்த வழியில் போகிறீர்கள், எந்த நாள் திரும்புவீர்கள், வராவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை எழுதி லேயில் தங்கிய விடுதியில் ஒன்றும், வீட்டில் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

முதல் தடவையே தனியாகப் போகலாமா?

வேண்டாம். பதிவுபெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு, குறைந்தது மூன்று பேராகப் போங்கள். ஒருவருக்குக் கால் பிசகினால் ஒருவர் துணையிருக்க, இன்னொருவர் உதவிக்குப் போக முடியும். மார்க்கா ஊர்களில் வீட்டோடு தங்கும் வசதி இருக்கிறது. அங்கே படுக்கையும் சூடான சாப்பாடும் கிடைக்கும். முதல் சில இரவுகளை அப்படிக் கழித்து உடம்பு பழகியபின், ஓரிரு இரவு மட்டும் டென்டில் படுங்கள். சுமையும் குறையும், அந்தக் குடும்பங்களுக்கு வருமானமும் போகும். அந்த மலைகளில் பனிச்சிறுத்தை வாழ்கிறது; அது மனிதரைத் தாக்குவது மிக மிக அரிது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

டென்டையும் தூக்கப்பையையும் வாங்கியதும் நேரே லடாக் போகாதீர்கள். உங்கள் வீட்டு மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ ஓர் இரவு அதில் படுத்துப் பாருங்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் அடிக்கத் தெரிகிறதா, எந்தப் பொருளை மறந்தீர்கள் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு செய்தி. மார்க்காவுக்குப் பக்கத்திலேயே ஸ்டோக் காங்ரி என்ற 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் இருக்கிறது. எளிதாக ஏறக்கூடியது என்று பெயர் பரவி, கூட்டம் கூட்டமாக வந்து அடிவாரத்தில் டென்ட் அடித்தார்கள். அவர்கள் விட்டுப்போன கழிவு ஸ்டோக் ஊரின் தண்ணீரைக் கெடுத்தது. 2020 முதல் அந்தச் சிகரத்தில் ஏறுவது நிறுத்தப்பட்டது. மார்க்கா பள்ளத்தாக்கு இன்னும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அது அப்படியே இருக்க வேண்டுமென்றால், நீங்கள் டென்டைக் கழற்றிக் கிளம்பும் காலையில், அந்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடக்கக் கூடாது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடங்கள்.